ஒன்றுமில்லை என்று அடிக்கும் மணி

வளப்பூர் நாடு, கொல்லிமலை
கார்த்திகை 9, ஞாயிறு

என் மொச்சக்கண்ணு,

அம்மா எழுதுகிறேன். அஞ்சாவதோடு நிறுத்திய கை, எழுத்து கோணலாகத்தான் வரும். நீ போனை எடுப்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

வீட்டில் சிக்னல் கிடையாது என்பது உனக்குத் தெரியும். மேட்டு பஸ் ஸ்டாப் வரைக்கும் ஏறிப்போய், பலாமரத்துக்கு அந்தப் பக்கம் நின்றுதான் அடிக்கிறேன். முழுசாக அடித்து ஓய்கிறது. அப்புறம் ‘வகுப்பில் இருக்கிறேன்’ என்று எழுத்தாக ஒன்று வருகிறது. ஞாயிற்றுக்கிழமையிலும் வகுப்பா கண்ணு?

இங்கே பனி இறங்க ஆரம்பித்துவிட்டது. மிளகு திரண்டிருக்கிறது. போன மாசியில் உங்கப்பா ஏணியிலிருந்து விழுந்து இறந்துபோனபிறகு வருகிற முதல் காய்ப்பு இது. எப்போதும் இல்லாத காய்ப்பு. அவர் இருந்தபோது இப்படிக் காய்க்காத கொடிக்கு இப்போது என்ன அவசரமோ.

உன் சித்தப்பா வேல்முருகன் நேற்று வந்து வாசலில் நின்றான்.

“ஏனுங்க அண்ணி, அந்த ஏணிய எடுத்துப் போடட்டுங்களா? அந்தப் பக்கம் போறப்பல்லாம் கண்ண மூடிக்கிட்டுப் போறேன்.”

“இருக்கட்டும் வேலு. அது யாரு சோத்தத் திங்குது?”

“அது சாஞ்சு நிக்கிற வரைக்கும் அந்தத் தோட்டத்துல நான் எப்படி மிளகு பறிக்கிறது?”

“பறிக்கச் சொல்லி யாரு கேட்டா?” என்றேன். அவன் முகம் சுண்டிப்போய்ப் போய்விட்டான். பாவம், நல்லதுக்குத்தான் கேட்டான். ஆனால் மிளகுக்கொடி படர்ந்த அந்தச் சில்வர் ஓக் மரத்தில் உங்கப்பா சாத்திவைத்த இடத்திலேயே அது இருக்கிறது. இருந்துவிட்டுப் போகட்டும்.

ஐப்பசியில் வந்தபோது ஒரு தடிப் புத்தகம் கொண்டுவந்தாய். அட்டையில் தாடிக்காரக் கிழவர் ஒருவர், கண்ணை இடுக்கிக்கொண்டு. அதை நெஞ்சின் மேல் கவிழ்த்துப்போட்டு நீ தூங்கினாய். அதுதான் வேலைக்குப் படிக்கிற புத்தகமா? உன் அறைத்தோழி வித்யாஸ்ரீக்கு வேலை கிடைத்துவிட்டது என்றாயே. உனக்கு எப்போது என்று நான் கேட்கமாட்டேன். கேட்டால் உனக்குக் கோபம் வரும்.

ஆனாலும் எப்போது?

அம்மா


சென்னை, விடுதி
4.12.2024

அம்மா,

உன் கடிதத்தை விடுதி ஆபீஸில் என் கையில் கொடுத்தபோது வார்டன் அம்மா ஏதோ அதிசயத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தார். “இந்தக் காலத்துல யாருடி லெட்டர் போடறா? லவ்வா?” என்றார். எங்கம்மா என்றேன்.

போனைப் பற்றி உண்மையைச் சொல்லிவிடுகிறேன். எனக்கு அந்த மணிச்சத்தம் ஆகவில்லை. அப்பா போன அன்றைக்குக் கேன்டீனில் வரிசையில் நின்றிருந்தேன். போன் அடித்தது, உன் பேர் வந்தது, சிரித்துக்கொண்டே எடுத்தேன். அதற்கப்புறம் எந்தப் போன் அடித்தாலும், பக்கத்து மேசைக்காரியின் போன் என்றாலும், என் கை ஜில்லென்று ஆகிவிடுகிறது. அதனால் சத்தத்தை அடக்கியே வைத்திருக்கிறேன். இதில் இன்னொன்று இருக்கிறது. கம்பெனிக்காரர்கள் முதல் சுற்றைப் போனில்தான் வைக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் கூப்பிடுவார்கள். அப்படி வந்ததெல்லாம் போய்விட்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன், எடுக்கவில்லை.

நேரில் கூப்பிட்ட ஓரிடத்துக்குப் போனேன். கணக்கு, கம்ப்யூட்டர் எல்லாம் ஒழுங்காகச் சொன்னேன். கடைசியில் ஒருவர், சும்மா பேச்சுக்கு, “அப்பா என்ன பண்றார்?” என்றார். தண்ணீரை எடுத்துக் குடித்தேன். மறுபடியும் குடித்தேன். அவர்களே நன்றி சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இங்கே எல்லாருமே ஒரு மாதிரிதான் இருக்கிறார்கள் அம்மா. குளியலறையில் ஒருத்தி தினமும் சுவரைப் பார்த்துத் தன்னை அறிமுகம் செய்துகொள்கிறாள். தேர்வானவர்களின் பேர் குரூப்பில் வந்தவுடன் எல்லாரும் கைதட்டும் படம் அனுப்புகிறோம். அனுப்பிவிட்டுப் போர்வையை இழுத்து மூடிக்கொள்கிறோம்.

அந்தப் புத்தகம் வேலைக்கானது இல்லை. இன்ஜினியரிங் பிள்ளைகளும் ஒரு விருப்பப் பாடம் எடுத்தாக வேண்டும் என்று விதி. நான் பேர் கொடுக்கப் போவதற்குள் மற்ற வகுப்பெல்லாம் நிறைந்துவிட்டது. மிஞ்சியது இதுதான். பழைய சீனத்துப் பெரியவர்கள் எழுதியது, புதுக் கன்பூசியம் என்று பேர். ஒவ்வொரு பொருளுக்கு உள்ளேயும் ஓர் ஒழுங்கு இருக்கிறது, பொருளை விடாமல் பார்த்து ஆராய்ந்தால் அது விளங்கும், அது விளங்கினால் மனிதன் தெளிவான் என்கிறார்கள். அங்கே அந்தக் காலத்தில் அரசாங்க வேலைக்குப் பெரிய பரீட்சை இருந்ததாம். தலை நரைக்கும்வரை எழுதுவார்களாம். பரீட்சை எழுதுவதில் தப்பில்லை, பரீட்சைக்காகவே படிப்பதுதான் நோய் என்று ஒரு பெரியவர் மாணவர்களிடம் சொன்னாராம். பாடம் எடுக்கும் நாகலட்சுமி மேடம் இதைச் சொன்னபோது பின்வரிசையிலிருந்து ஒருத்தன், “அப்ப பிளேஸ்மென்ட் அப்பவே ஆரம்பிச்சிருச்சுங்களா மேடம்?” என்றான்.

மேடமே இன்னொரு பெரியவரைப் பற்றியும் சொன்னார். அந்தப் பெரியவர் வாலிபத்தில், பொருளை ஆராய்வோம் என்று வீட்டில் இருந்த மூங்கிலுக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டாராம். பகலும் இரவும் மூங்கிலையே பார்த்து, அதன் ஒழுங்கு என்ன, அதன் காரணம் என்ன என்று யோசித்திருக்கிறார். ஒரு வாரத்தில் சீக்காகிப் படுத்துவிட்டாராம். வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன், ரொம்ப நாளைக்கு அப்புறம். அதனால்தான் உனக்கு எழுதுகிறேன். நீயும் சிரி.

குழலி


வளப்பூர் நாடு
மார்கழி 3

மொச்சக்கண்ணு,

உன் கடிதத்தை எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க ஒரு பகல் ஆனது. அடுப்பில் வைத்த சாமைச்சோறு அடிப்பிடித்துவிட்டது.

போன் விசயம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு உன்னிடம் வேறு யாரைச் சொல்லச் சொல்வது என்று எனக்குத் தோன்றவில்லை. நீ எடுத்தாய், நான் சொன்னேன். அவ்வளவுதான் நினைவு இருக்கிறது.

யோசித்துப் பார்த்தேன். எனக்கு ஒன்று தோன்றுகிறது, சிரிக்காதே. காலையில் முதல் பஸ் மேட்டுக்கு வரும் நேரத்துக்கு நான் ஏறி வருகிறேன். உனக்கு அடிக்கிறேன். ரெண்டு தரம் மணி அடித்ததும் நானே வெட்டிவிடுவேன். மிஸ்டு கால். நீ எடுக்க வேண்டாம், பேச வேண்டாம். ‘ஒன்றுமில்லை, எல்லாம் சும்மாதான் இருக்கிறது’ என்று அதற்கு அர்த்தம். அந்த நேரத்துக்கு மட்டும் போன் சத்தத்தைத் திறந்து வை. மற்ற நேரம் உன் இஷ்டம். மணி அடித்தால் நல்லது என்று உன் காதுக்குப் பழகட்டும்.

இன்றைக்கே ஆரம்பித்துவிட்டேன். நீ திறந்து வைத்திருக்கமாட்டாய், இருந்தாலும் அடித்தேன். நான் பலாமரத்தடியில் நிற்பதைப் பார்த்து முதல் பஸ் கண்டக்டர் அப்பாசாமி வண்டியை நிறுத்தி, “வாங்கக்கா, ஏறுங்க” என்றான்.

“நான் வரலீங்க. போன் பண்ண வந்தேன்.”

“பஸ் ஸ்டாப்புல நின்னுக்கிட்டு பஸ்ஸுல ஏறமாட்டேன்னா எப்பிடீங்க்கா? பஸ்ஸு புடிக்கலீங்களா, என்னையப் புடிக்கலீங்களா?”

“ரெண்டும்தான்” என்றேன். வண்டியே சிரித்தது. நான் ஆளோடு பேசி வெகுநாள் ஆகியிருக்கிறது என்று இறங்கி வரும்போதுதான் தெரிந்தது.

‘நீயும் சிரி’ என்று எழுதியிருந்தாய். அந்த மூங்கில் பையன் கதைக்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை. ஏன் என்று பிறகு எழுதுகிறேன்.

சித்தி தேன்மொழி நாட்டுக்கோழி முட்டை அனுப்பினாள். உனக்கு எடுத்துவைக்க முடியாதே என்று நானே தின்றேன்.

அம்மா


சென்னை
19.1.2025

அம்மா,

உன் மணி வேலை செய்கிறது.

முதல் நாள் சத்தம் கேட்டதும் அறையை விட்டு வெளியே ஓடிவிட்டேன். வித்யாஸ்ரீதான் போனைக் கையில் எடுத்துக்கொண்டு வராந்தா முழுக்க என்னைத் துரத்தினாள். “ஏய், நில்லுடி! உங்கம்மாதான்! ஒன்னுமில்லையாம்!” என்று கத்தினாள். அன்றிலிருந்து அறையில் அதற்குப் பேரே அதுதான். பல் துலக்கிக்கொண்டே, “ஒன்னுமில்ல வந்திருச்சா?” என்று கேட்கிறாள். அவளுக்கு வேலைக்கான உத்தரவு இன்னும் கைக்கு வரவில்லை, தள்ளிக்கொண்டே போகிறார்கள். அவளும் உன் மணியைக் கேட்டுவிட்டுத்தான் எழுந்திருக்கிறாள். இப்போது நான் ஓடுவதில்லை. கை மட்டும் கொஞ்சம் ஜில்லென்று ஆகும்.

பொங்கலுக்கு வராததற்குக் கோபமா? நீ அதைப் பற்றி எழுதவில்லை. ஆனால் பொங்கலன்று மணி ஒரே தரம்தான் அடித்தது.

இனிமேல் எழுதப்போவதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் பேனாவை மூடி மூடித் திறக்கிறேன்.

இந்த வருசம் கல்லூரிக்கு வரும் கடைசி நல்ல கம்பெனி பிப்ரவரி 24ஆம் தேதி வருகிறது. நேர்முகம் மட்டும்தான், போன் சுற்று இல்லை. நீ காலண்டரைப் பார்க்காமலே அது என்ன நாள் என்று சொல்வாய். மாசி 12. அப்பா போய் வருசம் திரும்பும் நாள்.

நான் போகவில்லை என்று முடிவு செய்துவிட்டேன். அந்தப் புத்தகத்தில் ஒன்று வாசித்தேன். அங்கே அப்பா இறந்தால் பிள்ளை பரீட்சையையும் பதவியையும் விட்டுவிட்டு வீட்டுக்குத் திரும்பிவிடுவானாம். மந்திரியாக இருந்தாலும் சரி. மூன்றாம் வருசம்வரை துக்கம். சிலர் சமாதிக்குப் பக்கத்திலேயே குடிசை போட்டுத் தங்குவார்களாம். யாரும் அவனைச் சோம்பேறி என்று சொல்லமாட்டார்கள். ராஜாவே போய்வா என்று அனுப்புவாராம். இதை நூலகத்தில் உட்கார்ந்து வாசித்துவிட்டு அழுதேன் அம்மா. எங்கேயோ, என்றைக்கோ, யாரோ இதைச் சரியென்று எழுதிவைத்திருக்கிறார்கள்.

எனக்கு நீ என்ன செய்தாய்? கருமாதி முடிந்த மறுநாளே என் துணியை மடித்துப் பையில் வைத்தாய். நாமக்கல் வரைக்கும் வந்து பஸ் ஏற்றிவிட்டாய். “படிப்பு கெட்டுப்போயிரும்” என்றாய். ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போனாய். அப்பாவை நான் வீட்டில் இருந்து அழவேயில்லை. அதனால்தான் அந்நிய ஆளுக்கு முன்னால் தண்ணீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

நான் வருகிறேன். வந்து இருக்கப்போகிறேன். மூன்று வருசமோ என்னவோ. வேலை அப்புறம்.

குழலி


வளப்பூர் நாடு
தை 15

பூங்குழலிக்கு,

வாசித்தேன்.

உன்னை அனுப்பியது தப்பு என்று நான் சொல்லமாட்டேன். நீ வீட்டில் இருந்திருந்தால் உனக்கு நான் சோறாக்கியிருக்க வேண்டும். தலைவாரிவிட வேண்டும். அழாதே என்று சொல்ல வேண்டும். எனக்கு அதற்குத் தெம்பு இல்லை. நான் தரையில் விழுந்து கிடக்க வேண்டியிருந்தது. பெற்ற பிள்ளை பார்க்க அப்படிக் கிடக்க முடியாது. அன்றைக்குப் பஸ் ஸ்டாண்டில் திரும்பிப் பார்த்திருந்தால் உன்னை இறக்கிக் கூட்டிவந்திருப்பேன். அதனால் பார்க்கவில்லை.

அந்தச் சீனத்து முறையைப் பற்றி நீ எழுதியதைப் பலதரம் வாசித்தேன். நல்ல முறைதான். ஆனால் எனக்குச் சில கேள்வி இருக்கிறது. அந்தப் பிள்ளை மூன்று வருசம் குடிசையில் உட்கார்ந்திருந்தால் அவனுக்குக் கஞ்சி கொண்டுபோய்க் கொடுத்தது யார்? அவன் அம்மாதானே? அவள் துக்கத்தை எங்கே வைத்துக்கொண்டாள்? மகனுக்கு மூன்று வருசம் என்று எழுதியவர்கள் பொண்டாட்டிக்கு எவ்வளவு என்று எழுதியிருக்கிறார்களா? பார்த்துச் சொல்.

நீ வேலைக்குப் போய்த்தான் எனக்குச் சோறு போட வேண்டும் என்பது இல்லை. மரவள்ளி இருக்கிறது, சாமை இருக்கிறது. ஆனால் உங்கப்பா உன்னைப் பற்றி ஊரெல்லாம் சொல்லிவைத்தார். டீக்கடையில், ரேஷன் கடையில், பஸ்ஸில், யார் கேட்டாலும் கேட்காவிட்டாலும், “எம்புள்ள இன்ஜினியருங்க” என்பார். நீ ரெண்டாம் வருசம் படிக்கும்போதே சொல்ல ஆரம்பித்துவிட்டார். அதை நிசமாக்காமல் நீ இங்கே வந்து உட்கார்ந்தால், ஊருக்கு முன்னால் அவர் பொய் சொன்ன ஆள் ஆகிவிடுவார். எனக்கு அது தாங்காது.

வருவதானால் வா. உன் வீடு. அன்றைக்கு இங்கே படையல் பெரிதாக இருக்கும் என்று எதிர்பார்க்காதே. நான் இன்னும் ஒரு மிளகுகூடப் பறிக்கவில்லை. பழுத்துச் சிவந்து கீழே உதிர்கிறது, குருவி தின்கிறது. வேலுவும் கேட்டு ஓய்ந்துவிட்டான்.

அம்மா


சென்னை
13.2.2025

அம்மா,

மணி அடிக்கவில்லை.

முதல் நாள், கோபம் என்று நினைத்தேன். உன் கடிதத்தில் ‘மொச்சக்கண்ணு’ இல்லை, ‘பூங்குழலிக்கு’ என்று இருந்தது. அதனால் இதுவும் அதுதான் என்று நினைத்தேன். இரண்டாம் நாளும் இல்லை. வித்யாஸ்ரீ பல் துலக்காமல் என் கட்டிலில் வந்து உட்கார்ந்துகொண்டாள். “இன்னும் வரலயா? இன்னும் வரலயா?” என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். அடிக்கும் மணிக்குப் பயந்துகொண்டிருந்தேனே, அடிக்காத மணி அதைவிட மோசம். நானே போனை எடுத்து உனக்கு அடித்தேன். ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றது. வருசம் முழுக்கத் தொடப் பயந்த போனை அன்றைக்கு ஒரு காலை முழுதும் கையைவிட்டு இறக்கவில்லை. கடைசியில் சித்தப்பா லைனில் கிடைத்தார்.

“அண்ணிக்குக் காய்ச்சல் சாமி. பயப்படாத. கண்டக்டரு அப்பாசாமிதான் வண்டிய நிறுத்தி, ‘மிஸ்டு கால் அக்காவக் காணோமே, என்னன்னு பாருங்க’ன்னாரு. போயிப் பாத்தா, ஊட்டுல ஆளில்ல. தோட்டத்துல அந்த ஏணிக்கு எதுக்கால, பனியில உக்காந்திருக்காங்க. ஒடம்பு கொதிக்குது. எந்திரிங்க அண்ணின்னா, இருடா பாத்துட்டு இருக்கேங்கறாங்க.”

ஏன் அம்மா? என்ன பார்த்துக்கொண்டிருந்தாய்?

நீ கேட்டதைத் தேடினேன். பொண்டாட்டிக்கும் அதே மூன்றாம் வருசம்வரைதான். ஆனால் அவளுக்குக் கஞ்சி கொண்டுபோனது யார் என்று எழுதவில்லை. நாகலட்சுமி மேடத்திடமும் கேட்டேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு, “உங்கம்மா கேட்டாங்களா? நான் இவ்வளவு வருசமா இந்தப் பாடம் எடுக்கிறேன், எனக்குத் தோணல” என்றார். அவருடைய அம்மாவும் இந்த ஆனியில்தான் போனார் என்று அப்போதுதான் சொன்னார்.

நான் 22ஆம் தேதி சனிக்கிழமை பஸ்ஸில் புறப்படுகிறேன். அந்தக் கம்பெனி போனால் போகட்டும். உனக்குக் கஞ்சி வைக்க ஆள் வேண்டும்.

குழலி


வளப்பூர் நாடு
மாசி 12, சாயங்காலம்

என் மொச்சக்கண்ணு,

காய்ச்சல் போய்விட்டது. தேன்மொழி மிளகுக் கசாயத்தை வாயைப் பிளந்து ஊற்றிப் போகவைத்தாள். அவளுக்கு என் மேல் என்ன கோபமோ, இத்தனை காரம் போட்டாள்.

உன் கடிதம் கைக்கு வந்த அன்றே மேட்டுக்கு ஏறினேன். வேலு, “நடக்க முடியாதுங்க அண்ணி” என்றான். நடந்தேன். இந்தத் தரம் ரெண்டு மணி அடித்ததும் வெட்டவில்லை. நீ எடுத்தாய். நமக்குள் பேசியதையே எழுதுகிறேன். பேச்சு மறந்துபோகும், எழுதினது இருக்கும்.

“அம்மா, ஒன்னுமில்லதானே?”

“ஒன்னுமில்ல சாமி. நீ பஸ் ஏறாத.”

“நான் வாரேன். நீ சொன்னாலும் வாரேன்.”

“பரீட்ச முடிச்சுட்டு வா. இப்ப அந்தக் கம்பெனிக்குப் போ. நீ அங்க போற அன்னிக்கு நான் தோட்டத்துல மிளகு பறிக்கிறேன். ரெண்டு பேருக்கும் போகப் புடிக்கல. ஒரே நாள்ல போயிரலாம்.”

“நெசமாப் பறிப்பியா?”

“நீ போனாப் பறிப்பேன். போகலீன்னா நானும் ஏணியப் பாத்துட்டே உக்காந்துக்குவேன்.”

“என்னம்மா, மிரட்டறியா?”

“ஆமா.”

நீ சிரித்தாய். போனில் உன் சிரிப்பைக் கேட்டு வருசம் ஆகிறது. பக்கத்தில் நின்ற வேலு, கண்ணில் பூச்சி விழுந்துவிட்டது என்று அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டான்.

இன்றைக்கு நடந்ததைச் சொல்கிறேன். விடியக்காலையில் மேட்டுக்குப் போய் உனக்கு மணி அடித்தேன். அப்பாசாமி வண்டியிலிருந்தபடியே, “இன்னைக்காவது ஏறுவீங்களா?” என்றான். “இன்னைக்கு வேலை கெடக்குது” என்றேன். வீட்டுக்கு வந்து இலை போட்டேன். சாமைச்சோறு, மொச்சைக்குழம்பு, ஒரு டம்ளர் கடுங்காப்பி. அவ்வளவுதான். உங்கப்பாவுக்குப் போதும்.

தோட்டத்துக்குப் போனால் வேலு எனக்கு முன்னால் வந்து நிற்கிறான். புது மூங்கில் வெட்டி, கணுவுக்குக் கணு கிளையைக் கால் வைக்கிற அளவு விட்டு நறுக்கி, புது ஏணி செய்திருந்தான். எனக்குச் சொல்லவேயில்லை. சில்வர் ஓக்கில் சாத்திவிட்டு ஏறாமல் நிற்கிறான்.

“ஏறுடா” என்றேன்.

“புது ஏணிக்கு ஊட்டுக்காரங்க கால்தானுங்க மொதல்ல.”

அது நம் குடும்பத்தில் வழக்கம். எப்போதும் உங்கப்பா கால்தான். நான் இவ்வளவு வருசத்தில் ஏணியைத் தொட்டதில்லை. பெண்பிள்ளைகள் கீழே உதிர்ந்ததைத்தான் பொறுக்குவோம். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முதல் கணுவில் கால் வைத்தேன். மூங்கில் ஜில்லென்று இருந்தது. இறங்கலாம் என்று நினைத்தேன். ஆனால் தலைக்கு மேலே ஒரு கொத்து தொங்கியது. இன்னொரு கணு ஏறினால் எட்டும். ஏறினேன். பறித்தேன். இறங்கிக் கொத்தை மடியில் கட்டிக்கொண்டேன்.

“போதுமுங்க அண்ணி, வழக்கம் முடிஞ்சுது. இனி எங்கிட்ட உடுங்க” என்றான் வேலு. அதற்குமேல் அவன்தான் ஏறினான். தேன்மொழியும் நானும் கீழே சாக்கு விரித்து உட்கார்ந்து உருவினோம். அவள் வாய் மூடாமல் பேசினாள். மத்தியானத்துக்குள் ரெண்டு மரம் ஆகிவிட்டது.

பழைய ஏணியை எடுக்கலாம் என்றுதான் நானே சொன்னேன். வேலு இழுத்துப் பார்த்தான், வரவில்லை. கிட்டே போய்ப் பார்த்தால் மிளகுக்கொடி வருசம் முழுக்க அதன் மேல் வேர் விட்டு, மரத்தோடு சேர்த்துக் கட்டிவைத்திருக்கிறது. பக்கத்தில் வந்து வந்து உட்கார்ந்திருக்கிறேன், இது என் கண்ணில் படவேயில்லை. அரிவாளால் அறுத்துவிடட்டுமா என்றான். வேண்டாம், கொடிக்குத் தாங்கலாக இருக்கட்டும் என்றேன். இப்போது அதைப் பார்த்துக்கொண்டே அந்தப் பக்கம் நடக்க முடிகிறது.

சாயங்காலம் வேலு போனில் நீ அனுப்பியதைக் காட்டினான். ‘போய்ட்டு வந்துட்டேன். அப்பா என்ன பண்றார்னு கேட்டாங்க. சொல்லிட்டேன்.’ நீ என்ன சொன்னாய், அவர்கள் என்ன சொன்னார்கள் என்று அதில் இல்லை. நான் கேட்கவும் மாட்டேன். வேலை வந்தால் வரட்டும், வராவிட்டால் அடுத்த கம்பெனி. நீ போய் உட்கார்ந்து வாய் திறந்து சொன்னாயே, எனக்கு அது போதும். நாளைக்கும் முதல் பஸ் நேரத்துக்கு அடிப்பேன். வித்யாஸ்ரீ பிள்ளையையும் கேட்டதாகச் சொல். அவளுக்கும் உத்தரவு வந்துவிடும்.

பிறகு எழுதுகிறேன் என்று ஒன்றைச் சொல்லாமல் வைத்திருந்தேன். நீயும் என்ன பார்த்தாய் என்று கேட்டாய். இது போனில் சொல்ல வராது.

நான் அந்த மூங்கில் ஏணியின் கணுவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். எந்தக் கணுவில் உங்கப்பா கால் வழுக்கியது என்று பார்த்தேன். அடியிலிருந்து மேலே, மேலே இருந்து அடிக்கு. ஏதாவது ஒன்று ஒடிந்திருக்கும், ஒன்று உளுத்திருக்கும், அதுதான் காரணம் என்று தெரிந்துவிட்டால் எழுந்து வந்துவிடலாம் என்று பார்த்தேன். கார்த்திகைக்கு முன்னாலிருந்தே பார்க்கிறேன். நீ மணிக்குப் பழகியபோது கொஞ்ச நாள் மறந்திருந்தேன். நம் சண்டைக்குப் பிறகு மறுபடியும் போய் உட்கார்ந்துவிட்டேன். ஒன்றுகூட ஒடியவில்லை கண்ணு. எல்லாக் கணுவும் நன்றாகத்தான் இருக்கிறது.

அதனால்தான் உன் வகுப்புப் பிள்ளைகள் சிரித்ததுபோல எனக்குச் சிரிக்க வரவில்லை. படிக்கிற பையன் ஒருவன் சோறு தண்ணியை விட்டுவிட்டு மூங்கிலைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்து சீக்கானான் என்றால், அவன் சும்மா உட்கார்ந்திருக்கமாட்டான். புத்தகத்தில் இருக்காது என்று தெரியும், உன் மேடத்துக்கும் தெரியாது. இருந்தாலும் உன்னிடம்தானே கேட்க முடியும்.

அந்தப் பையனுக்கு யார் செத்துப்போயிருந்தார்கள் கண்ணு?